ரசமட்டம்

முதலில் சுவரோரத்து வால்வை மூட வேண்டும்.
மூடினாள். அது மூடிக்கொள்ளவில்லை.
இன்னும் இறுக்கியபோது
பித்தளை ஒருமுறை கீச்சிட்டுச்
சொட்டை நிறுத்தியது.

தொட்டித் தண்ணீரை இறக்கிவிட்டு
மிச்சத்தைப் பழைய துவாலையில் ஒற்றி ஒற்றி
வாளியில் பிழிந்தாள் மார்லிஸ்.
கோப்பையின் அடியில் கிடந்ததைக்
கையுறை போட்டிருந்தும்
முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மொள்ள முடிந்தது.
தன்னுடையதுதான். இருந்தாலும்.

விவாகரத்துப் பத்திரத்தில்
பனி தள்ளும் இயந்திரம் அவனுக்கு,
மீன்பிடிப் படகு அவனுக்கு,
வீடும் வீட்டோடு பிணைந்தவையும் அவளுக்கு
என்று எழுதியிருந்தார்கள்.
பிணைப்பு என்பது இரண்டு போல்ட்.
ஒன்றின் நட்டு விரலாலேயே கழன்றது.
மற்றது துருவேறி, திருகத் திருகப் போல்ட்டோடு சேர்ந்தே சுழல,
மண்டியிட்டு, கன்னத்தைப் பீங்கானில் சாய்த்து
முக்கால் மணி நேரம் ரம்பத் தகட்டால் அறுத்தாள்.
வெளியே ஏரிக்காற்று ஜன்னலை உலுக்கியது.
டுலூத்தில் ஜனவரி.

பதினொரு வருஷம் ஆடிய கமோடு.
உட்கார்ந்தால் ஜன்னல் பக்கம் ஒரு சாய்வு,
எழுந்தால் ஒரு டக்.
ஆடுது, என்பாள்.
தரை சாய்ஞ்சிருக்கு, என்பான் வெர்லின்.
நீ சரியா வைக்கலை.
தரை சாய்ஞ்சிருக்கு.
ஒரு நன்றித் திருநாளில் அவன் அக்கா
உள்ளேயிருந்தே கத்தினாள், இதென்ன படகா என்று.
அவன் பிடித்த முயலுக்கு மூன்று கால்.
தன் முயலுக்கு எத்தனை என்று
இவளும் எண்ணிப் பார்த்ததில்லை.

கட்டிப்பிடித்துத்தான் தூக்க வேண்டும்,
வேறு பிடி கிடையாது.
அசைத்தாள், அசைத்தாள்,
சேற்றிலிருந்து பூட்ஸைப் பிடுங்கும் ஓசையோடு
மெழுகு வளையம் விட்டுக்கொடுத்தது.
தரையில் கையகலத் துளை.
மலைச்சரிவிலுள்ள அத்தனை வீடுகளும்
அதன் வழியே இவள் முகத்தில் மூச்சு விட்டன.
வெர்லின் விட்டுப்போன ஃபிளானல் சட்டையைச்
சுருட்டி அடைத்தாள்.
வேண்டுமென்று இல்லை.
கைக்கு எட்டியது அதுதான்.

பட்டைக்கத்தியால் மெழுகைச் சுரண்டிக்கொண்டே போனால்
ஜன்னல் பக்க ஓரத்தில்
ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பென்னிகள்,
பச்சை பூத்து.
முட்டுக்கொடுத்திருக்கிறான்.
எப்போது என்று சொல்லவில்லை, அவள் கேட்கவுமில்லை.
மேல் காசைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.
அதிலிருந்த வருஷம்
அவன் கிளம்பிப் போனதற்கு முந்தைய வருஷம்.

ரசமட்டத்தை எடுத்து வந்து வைத்தாள்.
குமிழி கதவுப் பக்கம் ஓடி நின்றது.
மட்டத்தைத் தலைமாற்றி வைத்தாள்.
மறுபடியும் கதவுப் பக்கம்.
தரை சாய்ந்துதான் இருக்கிறது.

ஃபோனை எடுத்தாள்.
பாலத்துக்கு அந்தப் பக்கம், வேறொருத்தி வீட்டில்,
இந்நேரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.
என்னவென்று சொல்வது?
தரை சாய்ந்திருக்கிறது என்றா?
அது அவனுக்குத் தெரியும்.

பதினான்கு படிகள்.
ஒவ்வொரு படியிலும் அதை இறக்கி வைத்து
பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.
எதிர்வீட்டு ஆஸ்ட்பி மண்வெட்டியை ஊன்றி
கை கொடுக்கட்டுமா என்றார்.
வேண்டாம், பிடி கிடைத்துவிட்டது என்றாள்.
பனிமேட்டோரம் அது
மூடியைத் திறந்துகொண்டு நின்றது.

பலகையைச் சரிசெய்யாமல் புதியதை வைக்க முடியாது.
ஆகவே ராத்திரி பத்து மணிக்குக்
கோட்டுக்குள் இரவுடையோடு
முனையிலிருக்கும் பெட்ரோல் பங்க்.
கல்லாவிலிருந்த பையன்
ஹாக்கி மட்டைத் துண்டில் கட்டிய சாவியை நீட்டினான்.

அங்கே ஜன்னல் கிடையாது.
ஆனாலும் உட்கார்ந்ததும்
உடம்பு தானாக வலப்பக்கம் ஒதுங்கி
அந்த டக்குக்காகக் காத்திருந்தது.
வரவில்லை.
இடப்பக்கம் அழுத்திப் பார்த்தாள்.
அசையவில்லை.
முன்னால், பின்னால்,
மறுபடி இடப்பக்கம், முழு எடையையும் போட்டு.

யாரோ கதவைத் தட்டினார்கள்.
ஒரு நிமிஷம், என்றாள்.